வெள்ளைக் கொக்கும் கருப்பு நீர்க்காகமும்: வெளிச்சத்தைக் கணிக்கப் பழகுதல்

பேராவூரணி வயல்களுக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் காவிரி டெல்டாவின் மேல்பகுதியில் நடவு பாதி முடிந்திருக்கும். கடைமடை என்றால் அப்படித்தான். மேட்டூர் அணையோடு 1934-இல் பயன்பாட்டுக்கு வந்த கல்லணைக் கால்வாயை ஊரார் இன்றைக்கும் ‘புது ஆறு’ என்றே சொல்கிறார்கள். அதன் கடைசிக் கிளைகளில் தண்ணீர் தலைகாட்டியதும் டிராக்டர் வயலில் இறங்கும். கேஜ் வீல் சேற்றைப் புரட்டப் புரட்ட, புழுவும் பூச்சியும் தவளையும் மேலே வரும். பின்னாலேயே உண்ணிக்கொக்கு, சின்னக் கொக்கு, மடையான் என்று ஒரு பெருங்கூட்டம் இறங்கும். சில நாள் அரிவாள்மூக்கனும் சேர்ந்துகொள்ளும்.

பறவைப் படம் எடுக்கப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. டிராக்டருக்குப் பழகிய கொக்குகள் ஆளைக் கண்டு அவ்வளவாக மிரள்வதில்லை. வரப்பில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முந்நூறு படம் எடுத்துவிடலாம். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்க்கும்போதுதான் மனம் விட்டுப்போகும். ஒரு படத்தில் கொக்கு வெள்ளைக் காகிதத்தை வெட்டி ஒட்டிய மாதிரி இருக்கும். ஓர் இறகுகூடத் தெரியாது. அடுத்த படத்தில் அதே கொக்கு சலவைக்குப் போடாத வேட்டி மாதிரி மங்கிப்போயிருக்கும். மூன்றாவது படத்தில் மட்டும் சரியாக இருக்கும், ஏன் சரியாக வந்தது என்பதுதான் தெரியாது.

இந்த மூன்று படமும் எடுக்கப்பட்டது ஒரே காலையில், ஒரே வெயிலில். கொக்கின் மேல் விழுந்த வெளிச்சம் இம்மியும் மாறவில்லை. மாறியது கொக்குக்குப் பின்னால் இருந்தது மட்டும்தான்.

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்குக் கொக்கு தெரியாது, சேறு தெரியாது. படச் சட்டத்துக்குள் இருந்து திரும்பி வரும் வெளிச்சத்தை அளந்து, அது மொத்தமும் நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. விழுகிற ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையைப் புகைப்படக் கடைகளில் விற்பதும் இதற்காகத்தான். ஈரச் சேறு அந்தச் சாம்பலைவிடக் கருப்பு. சட்டம் முழுக்கச் சேறும் நடுவில் சின்னதாக ஒரு கொக்கும் இருந்தால், ‘இருட்டாக இருக்கிறது’ என்று நினைத்து ஒளிமானி எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, கூட்டும். சேறு சாம்பலாகும், கொக்கு எரிந்துபோகும். பத்து அடி தள்ளி, வானம் பிரதிபலிக்கும் தண்ணீரில் அதே கொக்கு நின்றால் கதை தலைகீழ். எல்லாம் பளீரென்று இருப்பதால் ஒளிமானி குறைக்கும், வெள்ளை அழுக்காகும்.

சட்டத்தைப் பல கூறுகளாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஒளிமானி 1983-இல் நிக்கான் எஃப்ஏ கேமராவில் வந்தது. அதற்குப் பிறகு எல்லா நிறுவனங்களும் அந்த வழியில் எவ்வளவோ முன்னேறிவிட்டன. பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும் மிரர்லெஸ் கேமராக்களும் இன்று வந்துவிட்டன. ஆனாலும் சேற்றில் நிற்கிற கொக்கு வெள்ளைதான், அது வெள்ளையாகவே தெரிய வேண்டும் என்ற முடிவைப் படமெடுப்பவர்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. எக்ஸ்போஷரை ‘ஸ்டாப்’ என்ற அலகால் எண்ணுவார்கள். ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, குறைத்தால் பாதி. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/1000 நொடியிலிருந்து 1/2000 ஆனால் ஒரு ஸ்டாப் குறைவு. உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 400-லிருந்து 800 ஆனால் ஒரு ஸ்டாப் கூடுதல். லென்ஸின் திறப்பான அப்பர்ச்சரில் மட்டும் எண்கள் கொஞ்சம் குழப்பும்: எஃப் 5.6, 8, 11, 16 என்று ஏறும் ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப் குறைவு. நெல் அளக்கப் படி, மரக்கால் போல இதுவும் ஓர் அளவைதான். இரண்டு வாரம் புழங்கினால் கை தானாகப் போடும்.

ஃபிலிம் காலத்துக்காரர்கள் பலர் ஒளிமானியே இல்லாமல் வேலை செய்தார்கள். அவர்களிடம் ஒரு சூத்திரம் இருந்தது. ஃபிலிம் பெட்டியிலேயே அது வெயில், மேகம், நிழல் என்று படம் போட்டு அச்சடிக்கப்பட்டிருக்கும். நல்ல வெயிலில், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால், அப்பர்ச்சர் எஃப் 16. ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ். ஐஎஸ்ஓ 400 என்றால் 1/400 நொடி. சூரியன் பேராவூரணிக்கு ஒன்று, பாரீசுக்கு ஒன்று என்று இல்லாததால், காலை வெயில் நன்றாக ஏறியதிலிருந்து மாலையில் அது சாயத் தொடங்கும்வரை, தெளிந்த வானத்தின் கீழ் இந்தக் கணக்கு எங்கேயும் நிற்கும்.

பறவைக்கு எஃப் 16 பயன்படாது. 1/400 நொடியில் பறக்கும் இறக்கை கலங்கிவிடும். எனவே அதே வெளிச்சத்தை வேறு எண்களில் வாங்க வேண்டும். பலரிடம் இருக்கும் 600 மிமீ வரை போகிற ஜூம் லென்ஸில், முழு நீளத்தில் திறக்கக்கூடிய பெரிய அப்பர்ச்சர் எஃப் 6.3. எஃப் 16-லிருந்து அது ஏறத்தாழ இரண்டே முக்கால் ஸ்டாப் கூடுதல். அப்படியானால் ஐஎஸ்ஓ 400, எஃப் 6.3, 1/2500 நொடி. முழு வெயிலில் பேராவூரணி வயலுக்கான அடிப்படை எண் இதுதான். எஃப் 8 பிடிக்கிறவர்களுக்கு 1/1600.

அடிப்படை எண் நடுத்தர நிறமுள்ள பறவைக்குப் பொருந்தும். தவிட்டுக்குருவி, மைனா, உட்கார்ந்திருக்கும் மடையான் எல்லாம் இந்த வகை. மடையானைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு: உட்கார்ந்திருக்கும்வரை மண் நிறம், பறந்தால் இறக்கை முழுக்கப் பால் வெள்ளை. அது எழும்பும் என்று காத்திருப்பவர் முன்கூட்டியே வெள்ளைப் பறவைக்கு உரிய எண்ணில் இருக்க வேண்டும். எழும்பிய பிறகு மாற்ற நேரம் கிடையாது.

வெள்ளைப் பறவைக்கு அடிப்படையிலிருந்து மூன்றில் இரண்டு முதல் ஒரு ஸ்டாப்வரை குறைக்க வேண்டும். 1/2500 என்பது 1/4000 ஆகும். இங்கேதான் பலருக்கும் குழப்பம் வருகிறது. ‘வெள்ளைக்குக் கூட்டு, கருப்புக்குக் குறை’ என்று ஒரு பாடம் கேட்டிருப்பார்கள். இங்கே வெள்ளைக்குக் குறைக்கச் சொன்னால் விழிப்பார்கள். இரண்டும் சரிதான், இடம் வேறு. முதல் பாடம் ஒளிமானியை நம்பித் தானியங்கி முறையில் எடுப்பவருக்கு: சட்டம் முழுக்க வெள்ளையாக இருந்தால் ஒளிமானி அதிகமாகக் குறைத்துவிடும், அதை ஈடுகட்டக் கூட்ட வேண்டும். இரண்டாவது, ஒளிமானியை ஒதுக்கிவிட்டு வெயிலை வைத்துக் கணக்குப் போடுபவருக்கு: வெள்ளை இறகு நிறைய ஒளியைத் திருப்பி அனுப்பும், அது சென்சாரின் எல்லையைத் தாண்டாமல் இருக்கக் கொஞ்சம் குறைக்க வேண்டும். எந்த முறையில் இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டு எண்ணைத் திருகுவதால்தான் பாதிப் படங்கள் கெடுகின்றன.

வயலில், எண்களை நாமே வைக்கும் மேனுவல் முறையே மேல். காரணம் கொக்கு பறக்கும் விதம். டிராக்டர் திரும்பும்போது கூட்டம் எழும்பும். சேற்றின் முன்னால் எழும்பி, பச்சை நாற்றங்காலைத் தாண்டி, தென்னந்தோப்பின் இருட்டைக் கடந்து, வெளிறிய வானத்தின் முன்னால் ஒரு வட்டம் அடித்து, மறுபடி சேற்றில் இறங்கும். ஆறேழு நொடிக்குள் பின்னணி நான்கு தடவை மாறிவிட்டது. தானியங்கி முறையில் ஒளிமானி நான்கு தடவையும் புத்தி மாறும். மேனுவலில் 1/4000 என்று வைத்தவர் எதையும் தொட வேண்டாம். எந்தப் பின்னணியிலும் கொக்கு ஒரே வெள்ளை. வானத்தின் முன்னால் இருண்டும் இல்லை, தோப்பின் முன்னால் எரிந்தும் இல்லை. தென்னந்தோப்பின் இருட்டுக்கு எதிரே எடுத்த படம்தான் எல்லாவற்றிலும் அழகாக இருக்கும். தானியங்கி முறை முதலில் கெடுப்பதும் அதையேதான்.

தொடங்கும் எண்ணில் சந்தேகம் இருந்தால் உள்ளங்கை உதவும். பறவையின் மேல் விழும் அதே வெயிலில் உள்ளங்கையை விரித்து, லென்ஸின் சட்டம் நிறையப் பிடித்து, ஒளிமானியைப் பார்த்துக்கொள்ளலாம். மேல்தோல் எந்த நிறமானாலும் உள்ளங்கை ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வெளிர்தான். எனவே ஒளிமானி சொல்வதைவிட ஒரு ஸ்டாப் கூட்டினால் அடிப்படை எண் கிடைத்துவிடும். வேர் பிடித்து அடர்ந்துவிட்ட சம்பாப் பயிரின் பச்சையை அளந்தால் கிட்டத்தட்ட நேராகவே அடிப்படை எண் வரும். நாற்றங்காலின் இளம்பச்சையும், தை மாதத்தில் பழுத்த கதிரின் பொன்னிறமும் அதைவிட வெளிர். அவற்றை அளந்தால் படம் கொஞ்சம் இருண்டுவிடும்.

எண் வைத்தாயிற்று, நாலைந்து படம் எடுத்தாயிற்று. இப்போது திரையைப் பார்க்க வேண்டும், ஆனால் திரையில் படம் அழகாக இருக்கிறதா என்று பார்க்கக் கூடாது. உச்சி வெயிலில் எந்தப் படமும் திரையில் இருட்டாகத்தான் தெரியும். மேகமூட்டத்தில் எல்லாமே பளிச்சென்று தெரியும். கண்ணை நம்பாமல், படத்தின் வெளிச்சப் பரவலை மலை வடிவில் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை நம்ப வேண்டும். இடது ஓரம் கருப்பு, வலது ஓரம் வெள்ளை. மலை வலது சுவரில் மோதி ஏறியிருந்தால் வெள்ளையில் விவரம் போய்விட்டது என்று பொருள். சட்டத்தில் கொக்கு சிறியதாக இருந்தால் அதன் வெள்ளை ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தில் நூல் மாதிரி ஒரு கோடாகத்தான் நிற்கும். கவனிக்காமல் விட்டுவிடுவது எளிது. அதற்கு உதவுவது எரிந்த இடங்களைச் சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கை. கொக்கின் முதுகில் ஒரு பொட்டு சிமிட்டினால் பரவாயில்லை. கழுத்து முழுக்கச் சிமிட்டினால் மூன்றில் ஒரு ஸ்டாப் குறைத்து, மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுப்பவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் உண்டு. திரையில் காட்டப்படும் ஹிஸ்டோகிராம், கேமரா தயாரிக்கும் ஜேபெக் படத்தை வைத்துப் போடப்படுவது. ராவில் அதைவிடச் சற்று அதிக விவரம் தங்கியிருக்கும். அதற்காக அதையே நம்பிக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. இருட்டான இடத்தைக் கணினியில் தூக்கலாம், கொஞ்சம் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும், அவ்வளவுதான். சென்சார் நிரம்பி எரிந்துபோன வெள்ளையை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

கருப்பும் வெள்ளையும் ஒரே பறவையில் இருக்கும்போது இந்த ஏற்றத்தாழ்வே தீர்ப்புச் சொல்கிறது. நத்தைகுத்தி நாரைக்கு உடல் வெளிர், இறக்கை கருப்பு. வரப்போரத்தில் பாடும் வண்ணாத்திக்குருவி, வாய்க்கால் மேல் அந்தரத்தில் நின்று படபடக்கும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி எல்லாம் இந்த வகையே. எல்லாவற்றிலும் வெள்ளைக்கே முதலிடம். வெண்மார்பு மீன்கொத்தி இன்னொரு விதமாக ஏமாற்றும். நெஞ்சின் வெள்ளை தப்பித்தாலும், முதுகின் நீலம் வெயிலில் அப்பிக்கொள்ளும். மொத்த ஹிஸ்டோகிராம் சரியாகத் தெரியும்போதே நீல வண்ணம் மட்டும் சுவரில் மோதியிருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்துக்கொள்வதுதான் இதற்கு வழி.

செம்பருந்துக்குத் தலையும் நெஞ்சும் வெள்ளை, உடல் செங்கல் நிறம். அது வானத்தில் வட்டமிடும்போது இறக்கையின் அடிப்பக்கம் இருண்டு போகும் என்பது பொதுவான குறை. டெல்டாவில் இதற்கு இயற்கையாகவே ஒரு பரிகாரம் இருக்கிறது. தண்ணீர் நிறைந்த வயலும், கடலோரத்து உப்பளமும் சூரிய ஒளியை மேல்நோக்கித் திருப்பி அனுப்புகின்றன. உழவு வயலுக்கு மேலே தாழப் பறக்கும் பருந்தின் அடிவயிறு தெளிவாக விழும். அறுவடை முடிந்து காய்ந்த வயலுக்கு மேலே அதே பறவை, அதே நேரத்தில் இருண்டு விழும். எங்கே நின்று எடுப்பது என்பதும் எக்ஸ்போஷரின் ஒரு பகுதியே.

இனி கருப்புப் பறவைகள். அவற்றைப் பார்க்கக் குளத்துக்குப் போக வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னைகளை வேரோடு சாய்த்துப் போட்டது. மறு வருடம் ஊர் இளைஞர்களும் விவசாயிகளும் ‘கைஃபா’ என்ற அமைப்பாகச் சேர்ந்து பேராவூரணி பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். தண்ணீர் நிற்கும் இதுபோன்ற குளங்களில் முங்கி எழுந்து, பட்டுப்போன கொம்பில் இறக்கையை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம், கருப்பைப் படிக்க நல்ல பாடம். பளபளக்கும் தண்ணீர் பின்னால் இருந்தால் ஒளிமானி நீர்க்காகத்தை வெறும் நிழலாக்கிவிடும். அடிப்படை எண்ணிலிருந்து ஒரு ஸ்டாப் கூட்டினால், கருப்பு என்று நினைத்த இறகில் செம்பும் பச்சையும் கலந்த மினுமினுப்பு எழும்பி வரும். பக்கத்தில் வெள்ளை எதுவும் இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். மின்கம்பியில் உட்காரும் கரிச்சானுக்கும் இதுவே அளவு. அதன் சிவந்த கண் கருப்புத் தலையிலிருந்து பிரிந்து தெரிந்தால் எக்ஸ்போஷர் சரி.

இவ்வளவும் வெயில் முதுகில் அடிக்கும்போது. வெயில் பக்கவாட்டில் இருந்தால் ஒரு ஸ்டாப், எதிரே இருந்தால் இரண்டு ஸ்டாப் கூட்டினால் நிழல் விழுந்த பக்கம் தெளியும். எதிர்வெயிலில் கொக்கை எடுக்கும்போது கூட்டாமலே விட்டுப் பார்க்கவும் வேண்டும்: உடல் இருண்டு, முதுகின் மெல்லிய இறகுகள் மட்டும் ஒளிக்கோடாக எரியும். அது பிழையென்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் எண்கள் மாறும். மெல்லிய மேகத்துக்கு ஒரு ஸ்டாப், நல்ல மூட்டத்துக்கு இரண்டு, மழை கருக்கிக்கொண்டு நிற்கும்போது மூன்று ஸ்டாப்வரை கூட்ட வேண்டும். அந்தக் கருக்கலில் எஃப் 6.3, 1/1000 நொடி வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 1250 ஆகும். பயப்படத் தேவையில்லை, இன்றைய சென்சார்கள் அதைச் சுலபமாகத் தாங்கும். இரைச்சலுக்குப் பயந்து ஐஎஸ்ஓவைக் குறைத்து, இருட்டாக எடுத்துக் கணினியில் தூக்கினால் அதைவிட மோசமான இரைச்சல்தான் வரும். மூட்டத்தில் ஒரு வசதியும் உண்டு: வெயிலில் முரண்டு பிடித்த கொக்கின் வெள்ளை இப்போது சாந்தமாகிவிடும், மூன்றில் ஒரு ஸ்டாப் குறைத்தாலே போதும். கல்லூரி மாணவர் ஒருவர் முதல் கேமராவை ஐப்பசியில் வாங்கினால் சித்திரையில் வாங்கியவரைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வார். மார்கழிப் பனிமூட்டம் மட்டும் விதிவிலக்கு. பனியின் வெண்மையைப் பார்த்து ஒளிமானி காட்சி முழுவதையும் சாம்பலாக்கும். தானியங்கி முறையில் எடுப்பவர் ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ள வேண்டும்.

தென்னந்தோப்புக்குள் வெயில் திட்டுத் திட்டாக விழும். பொன்முதுகு மரங்கொத்தி ஒரு திட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். வெயிலுக்கும் நிழலுக்கும் நான்கு ஸ்டாப் வித்தியாசம். அங்கே எல்லாவற்றுக்கும் ஓர் எண் கிடையாது. வெயில் திட்டுக்கு எண் வைத்துவிட்டு, பறவையின் முகம் அதில் வரும்வரை காத்திருப்பதே வழி. செல்போனில் எடுப்பவர்களும் இந்தப் பாடத்தைக் கைக்கொள்ளலாம்: திரையில் பறவையைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் வெள்ளை தப்பிக்கும்.

தமிழகத்தின் பெரும் இயற்கையாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) கருப்பு வெள்ளையில்தான் காட்டுயிர்களைப் படமெடுத்தார். வண்ணம் துணைக்கு வராததால் பறவை பின்னணியிலிருந்து பிரிவதற்கு ஒளியின் ஏற்ற இறக்கம் ஒன்றே வழி. அந்தக் கண்ணை இன்றைக்கும் பழக்கிக்கொள்ளலாம். கேமராவின் பட அமைப்பைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டு, ரா கோப்பாக எடுத்தால், திரையில் சாம்பல் நிறங்கள் மட்டும் தெரியும். கோப்பில் வண்ணம் பத்திரமாக இருக்கும். சம்பாப் பச்சையும் மடையானின் மண் நிறமும் சாம்பலில் ஒன்றாகிவிடுவதைப் பார்த்த பிறகு, எங்கே எதை எடுப்பது என்பதில் கண் வேறு மாதிரி வேலை செய்யத் தொடங்கும். ஃபிலிம் காலத்தில் ஐஎஸ்ஓ 64 ஸ்லைடு ஃபிலிம் போட்டவர்களுக்கு எஃப் 5.6-ல் முழு வெயிலிலும் கிடைத்தது 1/500 நொடிதான். அரை ஸ்டாப் பிசகினால் படம் போச்சு, ஒரு சுருளில் இருந்ததோ 36 படம். அவர்களில் பலர் ஒவ்வொரு தடவையும் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதினார்கள். டிஜிட்டல் கேமரா அதைத் தானே கோப்போடு எழுதி வைக்கிறது. வீட்டுக்கு வந்து அந்த எண்களைப் படிக்கிறவர்கள் குறைவு. எரிந்த கொக்குக்கும் சரியான கொக்குக்கும் இடையே எத்தனை ஸ்டாப் என்று பார்க்கும் அரை மணி நேரம், இன்னொரு காலை முழுக்க எடுப்பதைவிட அதிகம் கற்றுத் தரும்.

வயலில் கை பழகிய பிறகு போக வேண்டிய இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. தஞ்சாவூர்–மன்னார்குடி சாலையில் வடுவூர் ஏரி, அதே திருவாரூர் மாவட்டத்தில் உதயமார்த்தாண்டபுரம். இரண்டும் 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. கிழக்கே கோடியக்கரை, 1967 முதல் சரணாலயம். வெளிர் ரோஜா நிறப் பூநாரைகளை அங்கே எடுக்க வேண்டும் என்றால் வெள்ளைப் பறவைக்கான எண்ணே பொருந்தும், கானல் எழும்புவதற்கு முன் முடித்துக்கொள்ள வேண்டும். கூடு கட்டியிருக்கும் இடங்களில் ஃபிளாஷ் வேண்டாம், நெருங்கவும் வேண்டாம். தாய்ப்பறவை எழும்பிவிட்டால் முட்டையும் குஞ்சும் வெயிலிலும் காகத்திடமும் மாட்டும்.

கடைசிப் பயிற்சிக்கு மனோரா. நெப்போலியன் தோற்கடிக்கப்பட்டதன் நினைவாக இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய எட்டடுக்குக் கோபுரம், மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில். இங்கே கரை தென்கிழக்கைப் பார்த்திருப்பதால் காலையில் சூரியன் கடலுக்கு மேலே எதிரே நிற்கும். பறவைகள் நிழலாகத்தான் விழும். மாலையில் சூரியன் நிலத்தின் பக்கம் சாயும், கரையோரத்து ஆலாக்கள் மேல் வெளிச்சம் நேரே விழும். ஐஎஸ்ஓ 800, எஃப் 6.3 என்று வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை உள்ளங்கையை அளந்து ஷட்டர் வேகத்தை மட்டும் குறித்துக்கொண்டு வர வேண்டும். சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது 1/2500 அளவில் இருக்கும். அரை மணி இருக்கும்போது 1/1250 ஆகும். தென்னை உச்சிக்குக் கீழே சூரியன் போனதும் 1/320-க்கு வந்துவிடும். பறக்கும் ஆலாவின் இறக்கை கலங்கும், ஆழமில்லாத தண்ணீரில் அசையாமல் நிற்கிற கொக்கு மட்டும் கூர்மையாக விழும். ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றினால் 1/1250 திரும்பக் கிடைக்கும், ஆலாவுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும்.